ஸ்பேர் சர்வர் இருந்தும் ‘சர்வர் டவுன்’ ஆவது ஏன்? – இண்டூர் கவுண்டர் முதல் மும்பை பங்குச்சந்தை வரை

“சர்வர் டவுன்ங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க.”

தர்மபுரி மாவட்டம் இண்டூரில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் வங்கிக் கிளையிலோ, இ-சேவை மையத்திலோ, ரேஷன் கடையிலோ வரிசையில் நின்றவர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. சொல்பவருக்கும் அதற்கு மேல் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. சுற்று வட்டாரக் கிராமத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வந்தவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். திரும்பிப் போய் மறுநாள் வர வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால், ஒரு கேள்வி நியாயமாகவே எழும். கோடிக்கணக்கான மக்களின் பணத்தைக் கையாளும் நிறுவனங்கள் ஒரே ஒரு சர்வரை நம்பியா இருக்கின்றன? இல்லை. ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் வகையில் இரண்டு, மூன்று சர்வர்களைச் சேர்த்து ஒரு கூட்டாக இயக்குகிறார்கள். இதற்கு ‘ஹை அவெய்லபிலிட்டி கிளஸ்டர்’ என்று பெயர். எப்போதும் கிடைக்கும் கூட்டு என்று புரிந்துகொள்ளலாம். அப்படியானால் ஸ்பேர் இருந்தும் ஏன் முடங்குகிறது?

பல நேரங்களில் முதல் சர்வரும் நன்றாக இருக்கும், இரண்டாவதும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவிலான பேச்சுவார்த்தைதான் கெட்டுப்போயிருக்கும். அந்தப் பேச்சு நின்றால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சரியாக அமைக்காமல் விட்டிருப்பார்கள். இதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

2021 பிப்ரவரி 24 அன்று என்ன நடந்தது?

அன்று புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை, மாதாந்திர எஃப் அண்டு ஓ ஒப்பந்தங்கள் முடியும் நாள். பங்குச்சந்தையில் இருப்பவர்களுக்கு அதன் பரபரப்பு தெரியும். காலை 10 மணிக்குப் பிறகு தேசிய பங்குச்சந்தையான என்எஸ்இ-யில் நிஃப்டி குறியீட்டு எண் சரியாகப் புதுப்பிக்கப்படவில்லை என்ற புகார்கள் வரத் தொடங்கின. 11.40 மணியளவில் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மதியம் கடந்தும் திறக்கவில்லை.

வழக்கமாகச் சந்தை மூடும் நேரம் 3.30. அது நெருங்கும் வரை, இன்று மீண்டும் திறக்குமா என்பதே முதலீட்டாளர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இன்ட்ராடே வர்த்தகம் செய்தவர்களின் கணக்கை அப்படியே விட்டால் ஆபத்து என்று கருதிய சில புரோக்கர்கள், இயங்கிக்கொண்டிருந்த மும்பை பங்குச்சந்தையான பிஎஸ்இ-யில் அவற்றை முடித்து வைத்தார்கள். அதன் பிறகுதான் என்எஸ்இ 3.45 மணிக்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. ஏற்கெனவே கணக்கு முடிக்கப்பட்டவர்கள் ஏறிய விலையைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்கள்.

முதலில் சொல்லப்பட்ட காரணம் “தொலைத்தொடர்பு இணைப்பில் கோளாறு”. ஒரு மாதம் கழித்து, மார்ச் மாதத்தில் என்எஸ்இ விரிவாக விளக்கியது. முதன்மைத் தரவு மையத்துக்கும், அதற்கு அருகிலேயே உள்ள மாற்று மையத்துக்கும் இடையிலான இணைப்புகள் தடுமாறின. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளுமே! இரு மையங்களுக்கும் இடைப்பட்ட சாலையில் நடந்த தோண்டும் பணியும் கட்டுமானமும் முக்கியக் காரணம்.

ஆம், ரோடு தோண்டினார்கள். உலகின் பெரிய பங்குச்சந்தைகளில் ஒன்று நான்கு மணி நேரம் நின்றது.

இந்த இடத்தில் பலரும் “சரி, கேபிள் அறுந்தது, அதனால் நின்றது” என்று கதையை முடித்துவிடுவார்கள். அங்கேதான் தவறு. கேபிள் தடுமாறியபோது முதன்மை மையத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பக்கத்து மையத்துடன் பேச முடியவில்லை என்றால், “சரி, நான் தனியாகவே தொடர்கிறேன்” என்று முதன்மை மையம் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால், தரவுகளைச் சேமித்து வைக்கும் எஸ்ஏஎன் என்ற பொதுச் சேமிப்பகம் எதிர்பாராத விதத்தில் நடந்துகொண்டது. தன் சொந்த மையத்தின் சர்வர்களுக்கே அது கதவைச் சாத்திக்கொண்டது. அதனால் என்எஸ்இ கிளியரிங் நிறுவனத்தின் ரிஸ்க் கண்காணிப்பு, செட்டில்மென்ட், குறியீட்டு எண் கணக்கீடு, கண்காணிப்பு அமைப்புகள் எல்லாம் ஒன்றாக நின்றன. ரிஸ்க் கண்காணிப்பு இல்லாமல் வர்த்தகத்தை ஓட்ட முடியாது என்பதால் சந்தையை நிறுத்த வேண்டியதாயிற்று. சேமிப்பகத்தை அமைத்துத் தந்த நிறுவனம், தோல்வி ஏற்பட்டால் மாறிக்கொள்ளும் விதிகளைத் தாங்கள் கேட்டபடி அமைக்கவில்லை என்பது என்எஸ்இ-யின் விளக்கம்.

வன்பொருளுக்குப் பணம் செலவழித்தாயிற்று. இரண்டு மையம் கட்டியாயிற்று. இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கியாயிற்று. “பேச்சு நின்றால் என்ன செய்வது” என்ற ஒரு விதிதான் சரியாக உட்காரவில்லை.

“இருக்கியா?” “இருக்கேன்”

கிளஸ்டரில் உள்ள சர்வர்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஒரு விநாடிக்குள் பல முறைகூட இந்த விசாரிப்பு நடக்கும். “இருக்கியா?” என்று ஒன்று கேட்க, “இருக்கேன்” என்று மற்றொன்று சொல்ல வேண்டும். இந்தச் சின்னத் தகவலுக்குப் பெயர் ‘ஹார்ட்பீட்’, அதாவது இதயத்துடிப்பு. குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால், எதிரில் இருப்பது செத்துவிட்டது என்று முடிவுக்கு வந்து, அதன் வேலையை மற்றொன்று எடுத்துக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், பதில் வரவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. எதிர் சர்வர் உண்மையிலேயே விழுந்திருக்கலாம். அல்லது அது நன்றாக ஓடிக்கொண்டிருக்க, நடுவில் உள்ள கேபிளோ சுவிட்சோ போயிருக்கலாம். கேட்கும் சர்வரால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஊருக்குப் போன் போட்டு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லையா, போன் சார்ஜில் கிடக்கிறதா என்று தெரியாது அல்லவா, அதே நிலைமைதான். கிளஸ்டர் அமைப்பதில் உள்ள சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு சந்தேகத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அம்மா இண்டூரில், மகன் ஓசூரில்

சந்தேகத்தைத் தவறாகத் தீர்த்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

இண்டூரில் இருக்கும் ஒரு தாய்க்கும், ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகனுக்கும் கூட்டு வங்கிக் கணக்கு. இருப்பு 10,000 ரூபாய். வங்கியில் ‘அ’, ‘ஆ’ என இரண்டு சர்வர்கள். வழக்கமாக ‘அ’ தான் கணக்கு எழுதும். ‘ஆ’ அதைப் பார்த்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு நாள் இரண்டுக்கும் நடுவிலான லைன் போகிறது. ‘அ’ செத்துவிட்டதாக ‘ஆ’ நினைத்து, தானும் கணக்கு எழுத ஆரம்பிக்கிறது. ‘அ’ சாகவில்லை, அதுவும் எழுதுகிறது.

உரம் வாங்க அம்மா 8,000 எடுக்கிறார். அது ‘அ’-வில் பதிவாகிறது. அதே மதியம் ரூம் வாடகைக்கு மகன் 7,000 எடுக்கிறார். அது ‘ஆ’-வில் பதிவாகிறது. அதன் பார்வையில் இருப்பு இன்னும் 10,000 தானே. மாலையில் லைன் சரியாகிறது. இப்போது ஒரு சர்வர் இருப்பு 2,000 என்கிறது, இன்னொன்று 3,000 என்கிறது. உண்மையில் எடுக்கப்பட்டதோ 15,000. எந்த நோட்டுப் புத்தகம் சரி?

இரண்டுமே சரியில்லை. கணினித் துறையில் இதற்கு ‘ஸ்பிளிட் பிரெய்ன்’ என்று பெயர், ஒரே உடம்பில் இரண்டு மூளை. சர்வர் முடங்கினால் சில மணி நேர அவஸ்தை. இது நடந்தால் கணக்கைப் பிரித்து நேர் செய்யவே நாட்கள் ஆகும், சில நேரம் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். அதனால்தான் பணம் கையாளும் அமைப்புகள் “தப்பாக ஓடுவதைவிட நின்றுவிடு” என்ற விதியில் அமைக்கப்படுகின்றன. கவுண்டரில் கேட்கும் ‘சர்வர் டவுன்’ சில சமயம் வேண்டுமென்றே எடுக்கப்பட்ட பாதுகாப்பு முடிவாகவும் இருக்கலாம். எரிச்சல்தான், ஆனாலும் அம்மாவின் கணக்கு தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோரம் இருக்கிறதா?

இரட்டை மூளையைத் தடுக்க முதல் வழி, வாக்கெடுப்பு. கிராம சபைக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு ‘கோரம்’ என்ற சொல் தெரிந்திருக்கும். தேவையான எண்ணிக்கையில் ஆட்கள் வராவிட்டால் அந்தக் கூட்டத்தின் தீர்மானம் செல்லாது. சர்வர்களுக்கும் இதே விதிதான், இங்கே பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று சர்வர்களில் ஒன்று துண்டிக்கப்பட்டால், மற்ற இரண்டும் “நாங்கள் பெரும்பான்மை” என்று வேலையைத் தொடரும். தனியாக மாட்டிக்கொண்டது, “நான் ஒருத்தன்தான், எனக்குக் கோரம் இல்லை” என்று தானாகவே ஒதுங்கிவிடும்.

மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் சர்வர் வைக்கச் சொல்வது இதனால்தான். செலவு பார்த்து இரண்டோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் இன்னொருவரைப் பார்க்க முடியாவிட்டால், பெரும்பான்மை என்று யாரைச் சொல்வது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது இடத்தில், விலை குறைந்த ஒரு சின்ன கம்ப்யூட்டரைச் சாட்சியாக உட்கார வைப்பார்கள். அது கணக்கு எழுதாது, ஓட்டு மட்டும் போடும். ஆனால், அந்தச் சாட்சியை இரண்டில் ஒரு சர்வர் இருக்கும் அதே அறையில், அதே மின் இணைப்பில் வைத்தால் பயன் இல்லை. அந்த அறை போனால் சர்வரோடு சாட்சியும் போய்விடும். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அடிக்கடி நடக்கும் தவறு இது.

மண்டபத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச்

கோரம் மட்டும் போதாது. ஒதுங்க வேண்டிய சர்வர் ஒதுங்கியதா என்று யார் உறுதி செய்வது? அது பாதி மயக்கத்தில் இருக்கலாம். பத்து விநாடி உறைந்து நின்றுவிட்டு, எதுவும் நடக்காதது போல விழித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பிக்கலாம்.

கல்யாண மண்டபங்களில் கரன்ட் போனால் ஜெனரேட்டர் போடுவார்கள். அங்கே ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளினால் இபி லைன், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி அதன் அமைப்பு இருக்கும். அந்த சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. “கரன்ட் வராது, நான் பார்த்துக்கறேன்” என்ற வாய்வார்த்தை அங்கே செல்லாது.

கிளஸ்டரில் இந்த வேலையைச் செய்வது ‘ஃபென்சிங்’. வேலையை எடுத்துக்கொள்ளும் முன், பதில் சொல்லாத சர்வரின் மின்சாரத்தையே ரிமோட்டில் துண்டிப்பார்கள், அல்லது சேமிப்பகத்துக்கான அதன் வழியை அடைப்பார்கள். துண்டித்தது உறுதியான பிறகுதான் மற்றது பொறுப்பேற்கும். பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘ஸ்டோனித்’. “அடுத்த சர்வரின் தலையில் சுடு” என்ற பொருளில் வரும் ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்துகள் அவை. கொடூரமான பெயர்தான், ஆனால் வேலை அதுதான்.

புதிதாக கிளஸ்டர் அமைப்பவர்கள் சோதனையின்போது இந்த ஃபென்சிங் தொல்லை தருகிறது என்று அதை அணைத்து வைப்பது வழக்கம். அப்புறம் போட மறந்துவிடுவார்கள். எல்லாம் நன்றாக ஓடும்வரை யாருக்கும் தெரியாது.

எத்தனை விநாடி பொறுப்பது?

லினக்ஸ் சர்வர்களில் இந்தப் பேச்சுவார்த்தைக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் ‘கோரோசிங்க்’. எந்தச் சேவை எந்த சர்வரில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் ‘பேஸ்மேக்கர்’ அதற்கு மேல் உட்காரும். இதயத்துக்கு வைக்கும் அதே கருவியின் பெயர்தான். கோரோசிங்கின் அமைப்புக் கோப்பில் சில வரிகள்தான் இருக்கும். ஆனால், ஒவ்வொரு வரியும் ஒரு பந்தயம்.

பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது அதில் ஒன்று. முன்பு இது இயல்பாகவே 1 விநாடியாக இருந்தது. 3.1 பதிப்பில் 3 விநாடியாக மாற்றினார்கள். குறைத்து வைத்தால், நெட்வொர்க் லேசாகத் தும்மினாலே நல்ல சர்வரைச் செத்ததாக அறிவித்துவிடும். கூட்டி வைத்தால், உண்மையிலேயே செத்தபோது மாற்று ஏற்பாடு தாமதமாகும், அந்த நேரம் முழுக்க கவுண்டர் நிற்கும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் ஒன்று இதில் கிடையாது. ஒரே அறையில் உள்ள சர்வர்களுக்குப் பொருந்துவது, இரண்டு ஊர்களில் உள்ளவற்றுக்குப் பொருந்தாது.

அடுத்தது, எத்தனை வழியில் பேசுவது என்பது. பொதுமக்கள் பரிவர்த்தனை போகும் அதே லைனில் ஹார்ட்பீட்டையும் அனுப்பினால், மாத முதல் வாரத்தில் சம்பளக் கூட்டம் சேர்ந்து லைன் நெருக்கும்போது “இருக்கேன்” என்ற பதிலும் அதில் சிக்கிக்கொள்ளும். சர்வர் வேலை மிகுதியில் இருக்கிறது, கூட்டாளியோ அது செத்துவிட்டது என்கிறது. எனவே ஹார்ட்பீட்டுக்குத் தனி லைன் வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு. கோரோசிங்கின் மூன்றாம் பதிப்பு 8 இணைப்புகள் வரை அனுமதிக்கிறது.

எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த லைன்கள் உண்மையிலேயே வெவ்வேறு பாதையில் போகின்றனவா என்பது. 2021-ல் என்எஸ்இ-க்கு இரண்டு நிறுவனங்களின் இணைப்பு இருந்தது. ஆனாலும் ஒரு சாலையில் நடந்த தோண்டும் பணி இரண்டையும் பாதித்தது. பில் அனுப்பும் கம்பெனி வேறு என்பதால் பள்ளமும் வேறாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பாரத்நெட் கண்ணாடி இழைக் கேபிள்கள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே போகின்றன. கம்பத்தில் போனால் காற்று மழை, தரைக்கடியில் போனால் ஜேசிபி. எந்தப் பாதைக்கும் ஓர் எதிரி உண்டு என்பதால்தான், இரண்டு பாதைக்கும் ஒரே எதிரி இருக்கக் கூடாது.

43 விநாடி, 24 மணி நேரம்

எல்லா விதியையும் சரியாக அமைத்தவர்களும் தப்பவில்லை. உலகெங்கும் உள்ள மென்பொருள் பொறியாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் அதற்குச் சாட்சி.

2018 அக்டோபர் 21. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான ஒரு ஆப்டிகல் கருவியை மாற்றும் பணி நடந்தது. அதில் கிட்ஹப்பின் கிழக்குத் தரவு மையத்துக்கான இணைப்பு 43 விநாடிகள் மட்டும் போனது. கோரம் விதிப்படி, மற்ற இடங்களில் இருந்த கண்காணிப்பு நிரல்கள் பெரும்பான்மை சேர்ந்து, முதன்மை தரவுத்தளத்தை மேற்குக் கரைக்கு மாற்றின. அமைக்கப்பட்டபடியே எல்லாம் நடந்தது.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. துண்டிப்புக்குச் சற்று முன் கிழக்கில் எழுதப்பட்ட சில வரிகள் மேற்குக்கு நகலாகியிருக்கவில்லை. மேற்கிலோ புதிய வரிகள் எழுதப்பட ஆரம்பித்துவிட்டன. அம்மா – மகன் கணக்கு போலவேதான். போதாததற்கு, கிழக்கில் ஓடும் செயலிகள் ஒவ்வொரு கேள்விக்கும் நாட்டின் மறுகோடிக்குப் போய் வர வேண்டியிருந்ததால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பயனாளர்களின் தரவு தொலையக் கூடாது என்று முடிவெடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டு, நகலை மறுபடி ஒத்திசைத்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆனது.

தூரம் என்பது இங்கே வெறும் சொல் அல்ல. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு கேள்வி போய்ப் பதில் வர, எந்தக் கருவியின் தாமதமும் சேராமலேயே 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அந்த நேரத்தைக் காத்திருக்க பங்குச்சந்தையால் முடியாது. அதனால்தான் ஒரு வரிகூடத் தொலையாமல் நகலெடுக்க அருகிலேயே ஒரு மையம், ஊரே மூழ்கினாலும் தப்பிக்கத் தொலைவில் ஒரு மையம் என்று இரண்டு வைக்கிறார்கள். தொலைவில் உள்ளது முடிந்தவரை வேறு நில அதிர்வு மண்டலத்தில் இருக்க வேண்டும், அது முடியாவிட்டால் முதன்மை மையத்திலிருந்து குறைந்தது 500 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது செபி விதி.

செபி கேட்ட கேள்வி

2021 சம்பவத்தில் செபிக்கு உறுத்தியது கேபிள் அல்ல. தொலைவில் மாற்று மையம் இருந்ததே, அதற்கு ஏன் மாறவில்லை என்பதுதான். மனிதர்கள் முடிவெடுக்கத் தயங்கினார்கள், இதோ சரியாகிவிடும் என்று காத்திருந்தார்கள். எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். மாற்று மையத்துக்குப் போவது ஒரு பெரிய முடிவு, போய் அங்கேயும் ஓடாவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் இருக்கும்.

2021 மார்ச்சில் செபி அந்தத் தயக்கத்துக்கே நேரக் கெடு வைத்தது. கோளாறு ஏற்பட்ட 30 நிமிடத்துக்குள் அதைப் ‘பேரிடர்’ என அறிவித்துவிட வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். அந்தச் சம்பவம் தொடர்பான நடவடிக்கையை முடித்துக்கொள்ள என்எஸ்இ-யும் என்எஸ்இ கிளியரிங்கும் 2023-ல் சேர்ந்து 72 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தின.

2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளில் சிறப்பு வர்த்தகம் நடத்தி, நடுவிலேயே முதன்மை மையத்திலிருந்து மாற்று மையத்துக்கு மாறிக் காட்டினார்கள். தீயணைப்புத் துறையின் ஒத்திகை போல. முன்கூட்டியே தேதி சொல்லி, குறைந்த கூட்டத்தில் நடந்த ஒத்திகை என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு அடுக்கும் வந்தது. என்எஸ்இ முடங்கினால் பிஎஸ்இ-யும், பிஎஸ்இ முடங்கினால் என்எஸ்இ-யும் மாற்று வர்த்தகத் தளமாக இருக்க வேண்டும். இரண்டு சந்தைகளே ஒரு கிளஸ்டர் ஆனது போல.

வங்கிகள் பக்கமும் இதே கதை உண்டு. 2020 நவம்பரில் எச்டிஎஃப்சி வங்கியின் முதன்மைத் தரவு மையத்தில் மின்தடை ஏற்பட்டு சேவைகள் நின்றபோது, புதிய டிஜிட்டல் திட்டங்களைத் தொடங்கவும் புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அந்தத் தடை முழுமையாக நீங்க 2022 மார்ச் வரை ஆனது.

அதற்காக ஒவ்வொரு முடக்கத்தையும் கிளஸ்டர் மீது போட்டுவிடவும் முடியாது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியதற்கு என்பிசிஐ சொன்ன காரணம் வேறு. “பரிவர்த்தனை போச்சா?” என்று நிலையைக் கேட்கும் கோரிக்கைகள் சில வங்கிகளிலிருந்து மிதமிஞ்சி வந்து குவிந்தன. அங்கே சர்வர்கள் பேசாமல் போகவில்லை, அளவுக்கு மீறிப் பேசின.

நடுவில் நின்ற பணம்

ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் பொறுப்பு கைமாறும் அந்தச் சில விநாடிகளில் ஸ்கேன் செய்தவர்தான் உண்மையில் மாட்டுபவர். இண்டூரில் டீக்கடைக்காரருக்குப் பணம் வந்த சத்தம் கேட்காது, வாடிக்கையாளரின் போனிலோ பணம் கழிந்திருக்கும். “அனுப்பிட்டேன்ணா, பாருங்க”, “வரலையே தம்பி” என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இன்னும் பலருக்குத் தெரியாது. கடைக்கு யுபிஐ-யில் அனுப்பிய பணம் கழிந்து, கடைக்காரருக்கு உறுதியாகாவிட்டால், பரிவர்த்தனை நாள் போக 5 நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். ஏடிஎம்-ல் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலும் அதே 5 நாட்கள்தான். தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ என்றால் மறுநாளுக்குள். அதைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் மனு எழுதித்தான் கேட்க வேண்டும் என்றில்லை, வங்கியே தானாகச் சேர்க்க வேண்டும்.

சேர்க்காவிட்டால் முதலில் வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தந்து அதன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாட்களில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். யுபிஐ பரிவர்த்தனை எண், தேதி, நேரம் உள்ள ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருங்கள். எந்த சர்வர் எப்போது பேசாமல் போனது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அந்த எண் இருந்தால் வங்கியே தேடிக்கொள்ளும்.